ஏழாவது பாட்டில் ஒரு கீழ்க்குரல்

“ஒரு நிமிஷம்மா” என்று ஜெயபால் அண்ணன் சொல்லி ஏழு நிமிஷம் ஆகிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் பண்ணுகிறவர் அவர்தான், அவர் பொத்தானை அமுக்கினால்தான் அவர்கள் பேச்சு என் ஹெட்போனுக்கு வரும், அமுக்கவில்லை. மீன்தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு வீட்டுக்காரர்கள் இப்படித்தான் தெரிவார்கள் போல, வாய் திறந்து திறந்து மூடுகிறது, கைகள் ஆடுகின்றன, ருக்சானா எழுகிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுகிறாள், தெய்வானை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள், இலக்கியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இலக்கியாவுக்கு இருபத்திரண்டு வயது, இரண்டுக்கும் வாயைப் பொத்துவாள். நான் மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். பாடும்போது இரைச்சல் வரும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள், நாலு தடவை பாடியதில் சுடிதார் முதுகோடு ஒட்டிவிட்டது. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக, எத்தனை பேர் பாட்டு அதற்குள் போய் உட்கார்ந்திருக்குமோ. ஹெட்போனில் யாரோ தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் வாசம். தப்புப் பண்ணிவிட்டேன். பண்ணினேன்தான், இல்லையென்று சொல்லமுடியாது, நாலாவது தடவை பாடும்போது பண்ணினேன். ஆனால் அது தப்பு மாதிரி இல்லையே, பாடும்போது தொண்டைக்குள் தித்தித்ததே, இப்போதும் தித்திக்கிறதே.

எங்கள் பாட்டுக் குழுவின் பெயர் எட்டுக்கால். ருக்சானா, தெய்வானை, இலக்கியா, நான், நாலு பெண்கள், எட்டுக் கால், அவ்வளவுதான் அர்த்தம். ‘எங்கள்’ என்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது, நான் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் தமயந்தி இருந்தாள். முதல் ஆல்பத்தில் மேலே மேலே ஏறிப்போகிற குரல் அவளுடையது. கோடம்பாக்கத்தில் நான் இருக்கிற பெண்கள் ஹாஸ்டலில் காலையில் வாளியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஆல்பத்துப் பாட்டைத்தான் பாடுவார்கள், நானும் பாடியிருக்கிறேன், அந்த உச்சி வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வாளி நிரம்புகிறதா என்று பார்ப்பேன். தமயந்தி கால்நடை டாக்டருக்குப் படித்தவள். இரண்டாவது ஆல்பத்துக்கு நாலு பாட்டுப் பாடி முடித்த நேரத்தில் அவளுக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்தது, பென்னாகரம் பக்கம், பத்து நாளில் போய்ச் சேரவேண்டும். எப்போதோ எழுதிய பரீட்சை. எழுதியதையே இவர்களிடம் அவள் சொன்னதில்லை. போனதில் கூட இவர்களுக்குக் கோபம் இல்லை, சொல்லாததில்தான் கோபம். அன்றோடு பேச்சு நின்றது. அவள் பாடிய நாலு பாட்டையும் நான் திரும்பப் பாடவேண்டும், மூன்று முடிந்தது, கடைசி இது, ஆல்பத்தில் ஏழாவது பாட்டு. வழி தெரிவதற்காக ஹெட்போனில் தமயந்தியின் குரலை ஓடவிடுவார்கள், அவள் போன தடத்திலேயே நான் போகவேண்டும், முடிந்ததும் அவளை எடுத்துவிடுவார்கள், நான் மட்டும் இருப்பேன். ‘கதவே இல்லாத வீட்டுல காத்துதான் விருந்தாளி’ என்று ஒரு வரி, ஒவ்வொரு சரணத்திலும் வரும். அந்தக் ‘காத்து’ மாடிப்படி ஏறுவது மாதிரி ஏறி உச்சியில் போய் நிற்கவேண்டும். மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் சரியாக இருந்தது, சரியாக மட்டும்தான் இருந்தது, இட்லி வெந்துவிட்டது ஆனால் உப்புப் போடவில்லை என்பது மாதிரி. நாலாவது தடவை அவள் ஏறினாள், நான் ஏறவில்லை. நினைத்துச் செய்யவில்லை. தொண்டை தானாக இறங்கி அவள் குரலுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. தூத்துக்குடியில் மாதா கோயில் பாடகர் குழுவில் பதினாலு வருஷம் நான் இரண்டாம் குரல்தான், மேலே ஒருத்தி போனால் கீழே போய் நின்று தாங்குவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. யாரென்றே தெரியாத, ஒருநாளும் நேரில் பார்க்காத தமயந்தி மேலே போகப் போக நான் கீழே விரித்துக்கொண்டே போனேன், இரண்டு குரலும் ஒட்டிய இடத்தில் பல்லெல்லாம் கூசியது, பாட்டு முடிந்தது, அப்போதுதான் ஜெயபால் அண்ணன் “ஒரு நிமிஷம்மா” என்றார்.

எட்டு நிமிஷம். தெய்வானை கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். அவள் மதுரைக்காரி, கோபம் வந்தால் அந்த இடத்தில் நிற்கமாட்டாள். என் மேல்தான் கோபம். வேறு யார் மேல்? வேண்டாம் பிலோமினா, அந்தப் பக்கம் பார்க்காதே, தண்ணீர் குடி, பாட்டிலின் மூடியைத் திற. கை வழுக்குகிறது. நான் யார், தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடையில் அறிவிப்புச் செய்கிறவள், ‘வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு’, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கச் சொல்வேன், தவறவிட்ட பர்ஸை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வேன், ஆறு வருஷமாக அதுதான் என் பாட்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காணாமல் போன ஒரு பெண்குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள், பெயர் சொல்லத் தெரியவில்லை, அழுது அழுது விக்கல் எடுக்கிறது. மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பாடினேன், யாரு பிள்ளை எந்தப் பிள்ளை, ஏழு மாடி ஏறி வந்த பிள்ளை, சேலைக்கடைச் சிங்காரப் பிள்ளை என்று. மைக்கை அணைக்கவில்லை. ஏழு மாடியும் கேட்டிருக்கிறது. சூப்பர்வைசர் சந்தானம் சார் “மைக்கு! மைக்கு!” என்று மூச்சு வாங்க ஓடிவருகிறார், அவருக்குப் பின்னாலேயே கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் கடைப் பையோடு. “இப்ப பாடினது நீங்களாக்கா?” “மன்னிச்சிருங்கம்மா, தெரியாம நடந்துபோச்சு.” “மன்னிக்கிறதா? ரெண்டாவது மாடியில எங்கம்மா நைட்டி எடுக்கிறத நிறுத்திட்டு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்க. எங்கம்மா எதுக்கும் நிறுத்த மாட்டாங்க.” அவள்தான் ருக்சானா, குழுவில் மெட்டுப் போடுகிறவள். மூன்று மாதமாக நாலாவது ஆளைத் தேடி அலைந்து, அறுபது பேரைப் பாடவைத்துக் கேட்டுச் சலித்து, கடைசியில் அம்மாவுக்கு நைட்டி எடுக்க வந்த இடத்தில் என்னைப் பிடித்தாள். எனக்கு இருபத்தொன்பது வயது என்று சொன்னேன். “அதனால?” என்றாள். அதனால என்ன என்று இதுவரை எனக்கும் தெரியவில்லை.

அதனால பயம், அதுதான். முதல் மேடை கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில், நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் கத்தினான், “தமயந்தி எங்க?” அவ்வளவுதான், ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள், தமயந்தி, தமயந்தி, கைதட்டிக் கைதட்டி. தெய்வானைதான் மைக்கைப் பிடுங்கினாள். “தமயந்தி மாட்டுக்கு ஊசி போடப் போயிருக்கா. உனக்கும் போடணுமாய்யா? பேரக் குடு, சொல்லிவிடுறேன்.” அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாடத் தொடங்கிவிட்டோம், பிழைத்தேன். திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கின பிறகு தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். என்னவென்று நான் கேட்கவில்லை. அவள் மடியில் என் துப்பட்டாவைப் போட்டேன். அதை முகத்தில் அழுத்திக்கொண்டாள், அவள் பெருங்குடியில் இறங்கும்போது கசங்கிப் போய்த் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, காலியாக இருந்தது நாற்காலி இல்லை, காயம். அதன் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குத் தமயந்தியின் குரலை எடுப்பதற்காக வந்த இடத்தில் அவள் குரலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன், இவர்கள் மறக்க நினைக்கிறதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன், ஏன்டி பிலோமினா, உனக்கு எதற்கு இந்த வேலை, ஏறு என்றால் ஏறவேண்டியதுதானே. உச்சிக்குப் பயந்துதான் இறங்கினேனா? இருக்கலாம். அதுவும் இருக்கலாம். வாளி நிரம்புகிறதா என்று பார்க்கிறவள்தானே நான்.

தெய்வானை திரும்பி வந்துவிட்டாள். முகம் கழுவியிருக்கிறாள், நெற்றி முடி நனைந்திருக்கிறது. ருக்சானா கையில் போனை வைத்துக்கொண்டு அவளிடம் நீட்டுகிறாள், தெய்வானை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். யாருக்குப் போன்? வேறு பாடகி யாருக்காவதா? இருக்கும், அறுபது பேரைக் கேட்டார்களே, அதில் அறுபதாவது ஆள் சும்மாதான் இருப்பாள், மதியத்துக்குள் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். என் பையில் ஒரு கடிதம் மூன்று நாளாகக் கிடக்கிறது. ‘ஐயா, சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லிவிடும்மா என்று சந்தானம் சார் கேட்டிருந்தார், நல்ல மனிதர், கோபமாகக் கூடக் கேட்கவில்லை. ஆல்பம் வந்தால் ஊர் ஊராகப் போகவேண்டும், இரண்டு வேலையும் ஓடாது. கொடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று நாளாகப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் போ என்று சொல்லிவிட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நாளைக் காலை ஒன்பதரைக்கு ஏழாவது மாடி. வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. நினைத்துப் பார்த்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த ‘காத்து’ வந்தது, அவள் மேலே நான் கீழே, பல் கூசிய அந்த இடம், அது பாட்டுக்கு வந்து நடு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. முதல் ஒத்திகையில் நாலு பேரும் ஒரே சுருதியில் சேர்ந்தபோதும் இப்படித்தான் இருந்தது, மேஜை மேல் இருந்த டம்ளர் தானாக அதிர்ந்தது, இலக்கியா டம்ளரைக் காட்டி “ஐயோ பாருங்க பாருங்க” என்று பாட்டை விட்டுவிட்டுக் குதித்தாள். வேனில் ஒரே தட்டில் நாலு பேர் சாப்பிட்ட பொங்கல். என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு “இதுக்கு மெட்டுப் போடலாம்” என்ற ருக்சானா. இதெல்லாம் நடந்துவிட்டது, இனிமேல் நடக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. சரி. இவர்கள் என்ன சொன்னாலும் கடிதத்தைக் கொடுக்கத்தான் போகிறேன். இவர்கள் இல்லையென்றால் வேறு எங்காவது போய்ப் பாடுவேன், கல்யாண மண்டபம், கோயில், எங்கேயாவது. ஆறு வருஷம் காரை எடுக்கச் சொன்னது போதும். சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக நின்று சிரிக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயபால் அண்ணன் என்னைப் பார்த்துப் பயந்துபோய்ப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஹெட்போனில் ஒரு மாடு கத்தியது. நிஜமான மாடு, அடிவயிற்றிலிருந்து. அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், “இரும்மா, இரும்மா, அவ்வளவுதான்,” என்று மாட்டிடம் சொல்கிறது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பேசினாலும் அது ஏறுகிற குரல்தான். ருக்சானா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, “அக்கா, தமயந்தி லைன்ல இருக்கா. நீங்க பாடினத அவளுக்குப் போட்டுக் காட்டினோம்,” என்றாள். அந்தக் குரல், “பிலோமினாவா? நான் பேசுறது கேக்குதா? ரெண்டு கையும் மாட்டுக்கிட்ட மாட்டியிருக்கு, வீட்டுக்காரம்மாதான் போனைக் காதுல புடிச்சிட்டு நிக்கிறாங்க. கன்னு தலையத் திருப்பி வெச்சிட்டு வரமாட்டேங்குது,” என்றது. “கேக்குதுங்க,” என்றேன். “ருக்சானா என் குரலை இதுல வெச்சுக்கலாமான்னு கேக்குறா. எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். உங்களக் கேட்டதும் சொல்ல முடியல. அந்த ‘காத்து’க்கு முன்னாடி நான் எப்பவும் ஒரு மூச்சு எடுப்பேன், கவனிச்சீங்களா? பயத்துல எடுக்கிறது. ஏறிடுவேனான்னு. ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க கரெக்டா அந்த மூச்சுக்குக் கீழ வந்து நின்னுட்டீங்க.” எனக்கு அது தெரியாது, நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் தொண்டை கவனித்திருக்கிறது போலிருக்கிறது. “ஒண்ணு மட்டும். கடைசி சரணத்துல நான் வேண்டாம். முதல் ரெண்டுலயும் இருக்கேன், அப்புறம் நான் போயிடுறேன். அங்க பிலோமினா மேல ஏறட்டும்.”

அப்போதுதான் தெய்வானை பேசினாள், அவ்வளவு நேரம் பேசாதவள், போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “போறதுதான் உனக்கு நல்லா வருமே,” என்றாள். மாடு கூடக் கத்தவில்லை. தமயந்தி, “ஆமாடி,” என்றாள். “சொல்லாம போனது தப்புதான். சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு இல்ல. உங்க மூஞ்சியப் பாத்துட்டா நானே போகமாட்டேன்னு பயந்துட்டேன். எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு தெய்வா. பாட்டு மாதிரியே புடிச்சிருக்கு. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” தெய்வானை உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து மேலே விளக்கைப் பார்த்தாள், கீழே தரையைப் பார்த்தாள், எட்டு மாதத்தையும் விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. பிறகு கேட்டாள், “மாடு எப்படி இருக்கு?” இலக்கியா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள், சிரித்துக்கொண்டே. “தலை திரும்பிருச்சு! காலு வருது, வருது, போனை வைக்கிறேன்,” என்று தமயந்தி கத்தினாள், வீட்டுக்காரம்மா ஏதோ சொன்னது பாதியில் அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே குவியலாக நிற்கிறார்கள். நான் இந்தப் பக்கம் தனியாக. இரண்டு நொடிதான் அப்படி இருந்தது. கதவு திறந்தது, மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். “அண்ணே, தனித்தனியா வேணாம், கடைசி சரணத்த நாங்க சேந்தே பாடுறோம், ஒரே மைக்குல,” என்று ருக்சானா சொல்ல, “ஒருத்தர் பிசகினா நாலு பேரும் திரும்பப் பாடணும், யோசிச்சுக்கங்க,” என்றார் அவர். “யோசிச்சாச்சு,” என்றாள் தெய்வானை. என் காதுக்குள், “பிலோக்கா, நீங்க ஏறுங்க. கீழ நாங்க மூணு பேர் இருக்கோம்,” என்றாள்.

இசை வருகிறது. தமயந்தியின் குரல் இரண்டாவது சரணத்தின் கடைசி எழுத்தில் இருக்கிறது, மெல்ல மெல்லத் தேய்கிறது, ஒருவர் அறையை விட்டுப் போகும்போது கதவை மெதுவாகச் சாத்துவார்களே அப்படி, போய்விட்டாள். இப்போது மேலே யாரும் இல்லை. ஹெட்போனில் அவ்வளவு பெரிய இடம் காலியாக இருக்கிறது, என் வாழ்நாளில் அவ்வளவு காலி இடத்தை நான் பார்த்ததில்லை, கோயில் கூரைக்கு மேலேயும் இவ்வளவு இருக்குமா. பயமாக இருக்கிறது. இருக்கட்டும். எனக்கு மூச்சு வேண்டும், எடுத்துக்கொண்டேன், பயந்த மூச்சுதான், கேட்டால் கேட்கட்டும். ‘கதவே இல்லாத வீட்டுல’, தெய்வானையின் தோள் என் தோளில் இடிக்கிறது, இலக்கியாவின் மூச்சு கழுத்தில் சுடுகிறது, ருக்சானா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போடுகிறாள், மூன்று குரலும் கீழே வந்து நிற்கின்றன, உள்ளங்காலில் தெரிகிறது, நிற்கலாம், இதன் மேல் நிற்கலாம், ஏறலாம், ‘காத்து’, ஒரு படி, இன்னொரு படி, இதற்கு மேல் என் தொண்டைக்குப் பழக்கமில்லை, தமயந்தியின் குரல் மாதிரி மெல்லிசாக இல்லை என்னுடையது, கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் அகலமாக இருக்கிறது, அப்படியேதான் ஏறுகிறது, அப்படியே உச்சியில் போய் நின்றது, நின்றுகொண்டே இருந்தது, என்னால் நம்பவே முடியவில்லை, அங்கே காற்று இருக்கிறது, மூச்சுத் திணறவில்லை, சுற்றிப் பார்க்கக்கூட நேரம் இருக்கிறது. இறங்க மனமில்லாமல்தான் இறங்கினேன்.

பாட்டு முடிந்த பிறகு அசையக்கூடாது, கடைசி அதிர்வு அடங்கும்வரை சத்தம் போடக்கூடாது என்பது சட்டம். நாலு பேரும் சிலை மாதிரி நின்றோம். இலக்கியாவுக்குச் சிரிப்பு பொங்கிக் கன்னம் உப்பிவிட்டது, தெய்வானை அவள் தொடையில் கிள்ளினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயபால் அண்ணன் எல்லாவற்றையும் நிறுத்தினார், ஹெட்போனைக் கழற்றி வைத்தார், பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். “என்னண்ணே, பிசகிருச்சா?” என்று நான் கேட்டேன். “இல்லம்மா.” “பின்ன?” அவர் தொண்டையைச் செருமினார். “இன்னொரு தடவை பாடுறீங்களா? ரெக்கார்ட் பண்ணல. சும்மா கேக்கணும் போல இருக்கு.” எழுந்து வந்து எங்கள் அறைக் கதவை விரியத் திறந்து, ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ருக்சானா என்னைப் பார்த்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மைக் இல்லாமல், வழிகாட்டும் குரல் இல்லாமல், கீழே தெருவில் போகிற தண்ணீர் லாரியின் ஹாரனோடு சேர்த்து, முதல் வரியிலிருந்து பாடினோம்.